பிள்ளைகளைக் கால்பந்துக்கு அனுப்பும் முன்

லெஸ்டர், இங்கிலாந்து,
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் நலம். விசா கைக்கு வந்துவிட்டதென்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். வீடு, பள்ளி பற்றியெல்லாம் முன்பே எழுதிவிட்டேன். மருமகனும் மருமகளும் இங்கு வந்ததும் கால்பந்து விளையாட வேண்டும் என்று அடம்பிடிப்பதாகவும், அது பாதுகாப்பானதா என்றும் நீங்கள் கேட்டிருந்ததற்கு மட்டும் பதில் பாக்கி. நான்கு ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் என் மகளுடன் மைதானத்துக்குப் போய் வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இங்கே பிள்ளைகளுக்கான கால்பந்து பெரும்பாலும் பள்ளியை நம்பி இல்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிறு கிளப்புகளில்தான் நடக்கிறது. பயிற்சியாளர் என்று விசிலோடு நிற்பவர் அநேகமாக அந்த அணியில் விளையாடும் ஒரு பிள்ளையின் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார், சம்பளம் கிடையாது. ஆனால் அவருக்குக் குற்றப் பின்னணி ஏதும் இல்லை என்று சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கவென்று ஒவ்வொரு கிளப்பிலும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் அந்தப் பொறுப்பாளரின் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தயங்கும் கிளப் நமக்கு வேண்டாம்.

வயதுப் பிரிவு பள்ளி ஆண்டைப் போலவே செப்டம்பர் 1 முதல் கணக்கிடப்படும். அதன்படி சின்னவள் 8 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் பெரியவன் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் வருவார்கள். அவளுக்கு அணிக்கு 5 பேர், சிறிய மைதானம், 3ஆம் எண் பந்து. அவனுக்கு 9 பேர், 4ஆம் எண் பந்து. 11 வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை ஆட்ட முடிவுகளையோ புள்ளிப் பட்டியலையோ வெளியிடக் கூடாது என்பது இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் விதி. முதல் ஆண்டு எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. என் மனதுக்குள் நானே ஒரு பட்டியல் வைத்திருந்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன். பெண் பிள்ளை ஆண் பிள்ளைகளோடு ஒரே அணியில் ஆடுவது இங்கே யாரும் திரும்பிப் பார்க்காத விஷயம் என்பதால் அத்தான் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் உண்மையில் அஞ்சுவது தலையில் அடிபடுவதைப் பற்றி என்று எனக்குத் தெரியும். முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2019இல் காட்டியது. அதற்கு அடுத்த ஆண்டே, தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பந்தைத் தலையால் முட்டப் பயிற்சி தரக் கூடாது என்று சங்கம் வழிகாட்டியது. இப்போது சிறு வயதினரின் ஆட்டங்களிலிருந்தும் தலையால் முட்டுவதைப் படிப்படியாக நீக்கி வருகிறார்கள்.

ஆனாலும் மோதல் நடக்கத்தான் செய்யும். பிப்ரவரியில் ஓர் ஆட்டத்தில் என் மகளும் எதிரணிப் பெண் ஒருத்தியும் பந்துக்காக ஓடித் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். என் மகள் எழுந்து சிரித்தாள். 'ஒன்றுமில்லை, ஆடட்டும்' என்று நான் சொன்னேன். பயிற்சியாளர் கேட்கவில்லை. சந்தேகம் இருந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும், அன்று மீண்டும் இறக்கக் கூடாது என்பது நெறி என்று சொல்லி அவளை என்னிடம் ஒப்படைத்தார். மாலையில்தான் அவள் தலைவலி என்றாள், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றாள். 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்தோம். முதல் இரண்டு நாள் ஓய்வு. கைப்பேசியும் தொலைக்காட்சியும் மிகக் குறைவாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளி, நடை, ஓட்டம். 21 நாள் ஆகாமல் போட்டியில் இறங்கக் கூடாது. அந்த மூன்று வாரமும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கோ, என் பேச்சை அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பே உறங்கவிடவில்லை.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே பெற்றோர் நிற்பதற்கென்று மைதானத்தின் ஓரத்தில் கயிறோ நாடாவோ கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டக் கூடாது, நடுவரை ஏசக் கூடாது. நடுவராக நிற்பவர் சில சமயம் 14, 15 வயதுப் பிள்ளையாகவே இருப்பார். நான் யாரையும் ஏசியதில்லை. ஆனால் 'வலப்பக்கம் போ, அடி, விடாதே' என்று தமிழில் கத்திக்கொண்டே இருப்பேன். மற்றவர்களுக்குப் புரியாது என்ற தைரியம். ஒருநாள் வீடு திரும்பும்போது, 'அப்பா, பயிற்சியாளர் ஒன்று சொல்கிறார், நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள், நான் யார் பேச்சைக் கேட்பது?' என்று கேட்டாள். மறு வாரத்திலிருந்து கைதட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். அத்தானின் குரல் என்னுடையதைவிடப் பெரிது. இப்போதே சொல்லி வையுங்கள்.

பெரிய தொழில்முறை கிளப்புகளின் அகாடமி, அதாவது இளம் வீரர்களை உருவாக்கும் பயிற்சிப் பிரிவு, 9 வயதுக்குட்பட்ட பிரிவிலிருந்தே பிள்ளைகளைப் பதிவு செய்கிறது என்றும், பெரியவனுக்கு நேரமாகிவிட்டது என்றும் யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே போகும் பிள்ளைகளிலும் மிகச் சிலரே அதைத் தொழிலாக்குகிறார்கள்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. முழங்காலுக்குக் கீழே அணியும் ஷின் பேட் கட்டாயம். அது இல்லாமல் இறங்கவிட மாட்டார்கள். பூட்ஸை வளரும் கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள். நான் செய்து, குதிகாலில் கொப்புளம் கண்ட பிறகுதான் மாற்றினேன். கிளப்புகள் கோடையிலேயே ஆள் சேர்ப்பதால், ஜூலையில் வந்து இறங்கிய வாரமே போய்ப் பேசிவிடலாம்.

மருமகளுக்குக் காது குத்தப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஆட்டத்தில் எந்த நகையும் கூடாது. தோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆடவும் அனுமதியில்லை. புதிதாகக் குத்திய காதிலிருந்து தோட்டைக் கழற்ற ஆறு வாரமாவது ஆகும். ஆகவே குத்துவதானால் இந்த மாதமே குத்திவிடுங்கள், இல்லையென்றால் ஆட்டப் பருவம் முடியும் அடுத்த மே வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். கொலுசும் அப்படித்தான், அதை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் மாமாவோடு பேச மாட்டாள்.

அன்புடன்,
உங்கள் தம்பி