பதிவேடு பார்த்தேன் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் மட்டக்குதிரை வளர்ப்போர் சங்கத்தின் முதல் வருஷப் பதிவேட்டு நகல் கிடைத்தது. கிடைத்த அன்றே எழுதினேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. குட்டி ஈனும் காலம், ராத்திரித் தூக்கம்கூட இருக்காது, தெரியும். இருந்தாலும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். 60 பெண் குதிரை, 3 பொலிகுதிரை (இனவிருத்திக்கு வைத்த ஆண் குதிரை), 31 குட்டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் உருவரை போட்டு, வெள்ளைக் குறியைச் சிவப்பு மையிலும் சுழியைக் கருப்பில் பெருக்கல் குறியாகவும் போட்டிருக்கிறாய். உடம்பில் ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத குதிரைகளுக்கு 5 சுழிக்குக் குறையாமல் எடுத்திருக்கிறாய். பலர் நெற்றிச் சுழியோடு நிறுத்திவிடுவார்கள், கழுத்தின் இரு பக்கமும் பார்ப்பதில்லை. அம்மாவிடம் காட்டினேன். "இவ்வளவும் இவ ஒருத்தியா எழுதினா?" என்றாள். அவள் பெருமையாகக் கேட்டாள். எனக்கும் பெருமைதான், ஆனால் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் உன்னுடையதாகவே இருக்கிறது. எல்லாம் ஒருத்தர் கையிலேயே இருப்பதன் ஆபத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் திருத்த வேண்டியவை. 17ஆம் எண் குட்டியைக் கருப்பு என்று எழுதியிருக்கிறாய். அதன் தாய் வெள்ளை. வெள்ளையாக மாறப்போகும் குட்டியும் பிறக்கும்போது கருப்பாகவோ பழுப்பாகவோ வேறு நிறமாகவோ இருக்கும். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி நரை மயிர் தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார். தெரிந்தால் நிறத்தை இப்போதே மாற்று. நாலு வருஷம் கழித்து வாங்குகிறவர் பதிவேட்டில் கருப்பும் கண்ணெதிரே வெள்ளையும் பார்த்தால், மற்ற 30 பக்கத்தையும் சந்தேகப்படுவார்.

24ஆம் எண் இன்னும் முக்கியம். தாயும் செம்பழுப்பு, தகப்பனும் செம்பழுப்பு, குட்டி மட்டும் கருப்புப் பிடரியோடு பழுப்பு. இது நடக்காது. செம்பழுப்பும் செம்பழுப்பும் சேர்ந்தால் செம்பழுப்புதான் வரும். ஒன்று நிறம் தப்பு, அல்லது தகப்பன் தப்பு. வளர்த்தவர் பொய் சொன்னார் என்று எடுத்த எடுப்பில் நினைக்காதே. வேலி தாண்டிய பொலிகுதிரை எத்தனையோ உண்டு. தாய், குட்டி, எழுதப்பட்ட தகப்பன் மூன்றுக்கும் மயிர் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பு. மயிரை வெட்டக் கூடாது, பிடுங்க வேண்டும், வேர் இருந்தால்தான் பயன். பிடரியிலோ வாலிலோ 20, 30 மயிர் போதும். சின்னக் குட்டிக்குப் பிடரி மயிரின் வேர் மெலிசாக இருக்கும், வாலில் எடு. பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துக் கெட்டுப்போகும், காகித உறையில் போடு. ஒரு குதிரை முடிந்ததும் உறையை ஒட்டி எண் எழுதிவிட்டுத்தான் அடுத்த குதிரையிடம் போக வேண்டும். உறை மாறிவிட்டால் சோதனைக் கூடம் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் பலன் இல்லை.

இணை சேர்த்த தேதி பல பதிவுகளில் இல்லை. அதை விடாதே. குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320க்குக் கீழேயும் 365க்கு மேலேயும் வந்தால் கேள்வி கேள். பொலிகுதிரை வைத்திருப்பவர் பருவம் முடிந்ததும் எந்தெந்தப் பெண் குதிரைக்கு எந்தத் தேதியில் விட்டார் என்ற பட்டியலைச் சங்கத்துக்குத் தர வேண்டும். குட்டி பிறந்த பிறகு வாங்கும் பட்டியல் பட்டியலே அல்ல.

பதிவுக்குக் கெடு வை. குட்டி பால் மறக்கும் முன், அதாவது 4 மாதத்துக்குள், தாயின் பக்கத்தில் நிற்கும்போதே ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். பிரித்த பிறகு எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்பதற்கு வளர்த்தவர் வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம். தோலுக்கடியில் அடையாள எண் சிப் போடுவதும் அப்போதே ஆகட்டும். இடது கழுத்தில், உச்சந்தலைக்கும் தோள் மேட்டுக்கும் நடுவே, பிடரிக்குச் சற்றுக் கீழே. போடும் முன் சிப் படிக்கும் கருவியை ஓட்டி ஏற்கெனவே சிப் இருக்கிறதா பார், போட்ட பின் மறுபடி ஓட்டி 15 இலக்கத்தையும் படி. எண்ணைக் கையால் எழுதாதே, கூட வரும் ஒட்டுச் சீட்டையே படிவத்தில் ஒட்டு. உன் பதிவேட்டில் இரண்டு எண்களுக்கு 14 இலக்கம்தான் இருக்கிறது. ஒருத்தியே ராத்திரி உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். எழுத ஒருவர், சரிபார்க்க இன்னொருவர் வேண்டும்.

இப்போது அந்த 31 குட்டி. அதில் 22க்கு ஒரே தகப்பன். அது யாருடைய குதிரை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நல்ல குதிரைதான், அதன் நடையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கணக்கு வேறு. இனத்தின் உண்மையான அளவைத் தலையை எண்ணிச் சொல்ல முடியாது. ஆணையும் பெண்ணையும் பெருக்கி, அதை 4 மடங்காக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 3 பொலிகுதிரை, 60 பெண் குதிரை என்றால் வருவது சுமார் 11. அலைந்து திரிந்து இன்னும் 40 பெண் குதிரை சேர்த்து 100 ஆக்கினாலும் 12ஐத் தொடாது. பெண் குதிரை 60 ஆகவே இருந்து பொலிகுதிரை 10 ஆனால் 34க்கு மேல் போகிறது. 11 என்றால் ஒரு தலைமுறைக்கு உறவுக்கலப்பு நாலு சதவீதத்துக்கு மேல் ஏறும். 34 என்றால் ஒன்றரைக்குக் கீழே நிற்கும். 50 இருந்தால்தான் 1 சதவீதம். இதுவும் எல்லாப் பொலிகுதிரைக்கும் குட்டி சமமாக இருந்தால். 31இல் 22 ஒன்றுக்கே என்றால் அந்த 11கூடக் கிடையாது.

அதனால் புது உறுப்பினர் வேட்டையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வேறு வம்சத்துப் பொலிகுதிரைகளைக் காயடிக்காமல் வைத்திருக்க வளர்ப்பவர்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று பார். பொலிகுதிரை வைப்பது சிரமம், வேலி பலமாக வேண்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பயம். ஒன்றுக்கு ஒரு பருவத்தில் இத்தனை பெண் குதிரைதான் என்று உச்சவரம்பு போடு. அந்தத் தீர்மானத்தை நீயே கொண்டு வந்து, உன் குதிரைக்கு முதலில் பொருத்து. வேறு யார் கொண்டு வந்தாலும் உன்னைக் குறி வைத்ததாகிவிடும்.

இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மட்டக்குதிரைக்கு 1921லேயே சங்கம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது எஞ்சியது சுமார் ஐம்பது உருப்படிதான். கையிருப்பு அவ்வளவு குறைந்த பிறகு யாரை யாரோடு சேர்ப்பது என்பதற்குப் பதிவேடு ஒன்றுதான் வழிகாட்டி. அயர்லாந்தில் கானிமாரா என்ற மட்டக்குதிரை இனத்துக்கு வளர்ப்போர் சங்கம் தொடங்கியது 1923. முதல் வம்சாவளிப் புத்தகம் வந்தது 1926. மூன்று வருஷம் குதிரைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே அச்சேற்றினார்கள். நீ ஒரே வருஷத்தில் அச்சடிக்க அவசரப்படுகிறாய்.

நோய் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். இங்கிலாந்தின் ஃபெல் என்ற மட்டக்குதிரை இனத்தின் குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தியே உருவாகாமல் சில வாரத்திலேயே நோய்ப்பட்டு மூன்று மாதத்துக்குள் சாகும் பரம்பரை நோய் உண்டு. 2010இல் அதற்குச் சோதனை வந்தது. தான் நோய்ப்படாமல் மரபணுவில் குறையைச் சுமப்பவை எல்லாவற்றையும் அன்றே ஒதுக்கியிருந்தால் இனமே சுருங்கியிருக்கும். சுமப்பது இரண்டு சேர்ந்தால்தான் நாலில் ஒரு குட்டிக்கு நோய் வர வாய்ப்பு. சுமப்பதையும் குறையில்லாததையும் சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. கானிமாராவின் குளம்புச் சுவர் பிளக்கும் நோயும் இதே வகைதான். சோதனை முடிவு பதிவேட்டில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும், ஒதுக்கும் வேலை மெதுவாக நடக்கட்டும். மறைக்கும் வளர்ப்பாளரைவிட வெளியே சொல்லும் வளர்ப்பாளருக்குச் சங்கத்தில் மரியாதை அதிகம் இருக்க வேண்டும்.

பொலிகுதிரைத் தேர்வுக்கு இரண்டு பேராவது போகட்டும், ஒருவர் கால்நடை மருத்துவராக இருக்கட்டும். இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா, மேல்தாடை முன்துருத்தி கிளி மூக்குப் போல இருக்கிறதா, பின்னங்காலில் முழங்கால் சில்லு மாட்டிக்கொள்கிறதா, கண்ணில் புரை உண்டா என்று பார்க்கட்டும். உன் குதிரையைத் தேர்வு செய்யும் நாளில் நீ அங்கே இருக்காதே. கூட்டத்தில் அதைப் பேசும்போதும் எழுந்து வெளியே போ, போனாய் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்.

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். வரவைவிடச் செலவு அதிகம். மீதி எங்கிருந்து வந்தது என்ற வரியே இல்லை. நான் கேட்கவில்லை. கணக்கு எழுதும் முறையை மட்டும் சொல்கிறேன். சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு, எடுக்க இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர் ஆகக் கூடாது. யாராவது தன் பணத்தைப் போட்டால், அது யாராக இருந்தாலும், குழு தீர்மானம் போட்டுக் கடன் என்றோ நன்கொடை என்றோ அன்றே எழுத வேண்டும். எழுதாத பணம் கொடுத்தவருக்கும் நஷ்டம், சங்கத்துக்கும் அவப்பெயர். வருஷச் சந்தாவில் தபால், அச்சு, காப்பீடு போன்ற நிலையான செலவு அடங்கிவிட வேண்டும். சிப், சோதனைக்கு ஆவதைக் குட்டிப் பதிவுக் கட்டணத்தில் எடு. இரண்டையும் கலந்தால் குட்டி குறைந்த வருஷத்தில் தபாலுக்கே பணம் இருக்காது, யாரோ ஒருத்தர் சத்தமில்லாமல் கைக்காசு போடுவார். கெடு தாண்டினால் கட்டணம் ஏறட்டும்.

வாக்கு ஆளுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று அல்ல. குழுவில் 9 பேர், வருஷம் 3 பேர் விலகி 3 பேர் வரட்டும். எல்லோரும் ஒரே நாளில் விலகினால் படிவம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். பதிவாளரும் பொருளாளரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. பதிவேட்டின் ஒரு பிரதி வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.

கண்காட்சியை முதல் இரண்டு வருஷம் சின்னதாக வைத்துக்கொள். வெளிக்குதிரை கூடும் இடத்தில் தொண்டைக் கட்டிக் காய்ச்சல் வந்தால் அது வெளித்தெரியவே 3 நாளிலிருந்து 14 நாள் ஆகும், அதற்குள் எல்லாம் வீடு திரும்பியிருக்கும். வாளியைப் பகிரக் கூடாது, சளி ஒழுகும் குதிரையை வாசலிலேயே திருப்ப வேண்டும். நடுவர்களிடம் முன்கூட்டியே சொல், கொழுத்த மட்டக்குதிரைக்குப் பரிசு கிடையாது என்று. பிடரி தடித்து விலா தட்டுப்படாமல் நிற்பதற்குப் பரிசு கொடுத்தால் அடுத்த வருஷம் எல்லோரும் அப்படியே கொழுக்க வைப்பார்கள், குளம்பழற்சியில் போய் முடியும். மட்டக்குதிரை அதற்கென்றே பிறந்தது போல வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவு எழுதிவிட்டேன், உனக்குத் தெரியாதது இதில் பாதிகூட இருக்காது. அந்தப் பெருக்கல் குறிகளைப் பார்த்தால் தெரிகிறது, உன்னை யாரும் அவசரமாகப் பழக்கவில்லை.

17, 24 இரண்டையும் திருத்தியதும் அந்தப் பக்கங்களை அனுப்பு. கூட்ட அறிவிப்பு 21 நாள் முன்பே எல்லோருக்கும் போகட்டும். கூட்டம் முடிந்ததும் பொருளாளராக யார் வந்தார், வங்கியில் இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று எழுது. கடைசிப் பக்கத்து அந்த மீதிக்கு ஒரு வரி சேர்த்த பிறகு அதன் நகலையும் வை. அம்மா தனியாக எழுதுகிறாள்.

அப்பா