பழைய அலுமினியப் படகும் உன் ஐயாவின் கலப்பத்தும்

ஏஜாக்ஸ், ஒன்ராறியோ

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து இங்கே எல்லோருக்கும் பெரிய நிம்மதி. மருத்துவர் சொல்லித்தந்த பயிற்சிகளை வலிக்கிறது என்று விட்டுவிடாதே. சின்னவளின் கல்யாணப் பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்பதை எழுதாமல் விட்டுவிட்டாய். என் மனைவி தினமும் அதைத்தான் கேட்கிறாள்.

எங்கள் வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை. மகளுக்கு வேலை ரொறன்ரோ நகருக்குள். சனிக்கிழமை காலையிலேயே இங்கே வந்துவிடுகிறாள். அம்மாவின் சமையல் ஒரு காரணம் என்றால், கராஜில் கிடந்த படகு இன்னொரு காரணம். நான் படம் அனுப்பினேனே, அந்த 14 அடி அலுமினியப் படகு இப்போது தண்ணீரில் ஓடுகிறது.

நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தனை பாடுபட்டுப் பழையதைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்றை வாங்கியிருக்கலாமே என்பது முதலாவது. மூத்தவன் நம் கடலுக்கு அலுமினியப் படகு எடுக்கலாமா என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

இந்தப் படகு 1970களில் செய்யப்பட்டது. ஒரு பண்ணைவீட்டின் பின்புறம் புல்லுக்குள் பல வருடங்களாகக் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் குப்பை என்றார்கள். ஆனால் தகட்டைத் தட்டிப் பார்த்தேன், நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உலோகம் திடமாக இருந்தது. அலுமினியத்தின் மேல் காற்று பட்டதுமே மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று தானாகவே உருவாகிவிடும். சுரண்டினால் மறுபடி உருவாகும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகிறது. இந்தப் படலமோ ஒட்டிக்கொண்டு நின்று கீழே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஏரியின் நன்னீரில் அலுமினியம் தானாகக் கெட்டுப்போவது அரிது. அதோடு சேர்த்து வைக்கப்பட்ட பொருட்கள்தான் அதைக் கெடுக்கின்றன. ஊறிப்போன பலகை, தண்ணீர் குடித்த நுரை, செம்பு, இரும்புத் தூள். இவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதுதான் பழுதுபார்க்கும் வேலையில் பெரும்பகுதி. இதை நான் உறுதியாக நம்புகிறேன் மச்சான். ஐம்பது வருடம் உழைத்த தகடு இன்னும் ஐம்பது வருடம் உழைக்கத் தயாராக இருக்கும்போது அதைக் கழித்துக்கட்டுவது பெரிய அநியாயம்.

தரைப்பலகையைக் கழற்றியபோது அடியில் ஒரு பழைய கனடிய ஒரு சத நாணயம் கிடைத்தது. அதைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருந்தது. துடைத்துப் பார்த்தால் தகட்டில் வட்டமாக ஒரு பள்ளம். 1996 வரை இந்த நாட்டின் ஒரு சதக் காசு கிட்டத்தட்ட முழுவதும் செம்பு. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலம் உருவாகிவிடும். அதில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம்தான். யாரோ ஒருவருடைய சட்டைப்பையில் இருந்து தவறி விழுந்த காசு, இன்னும் சில வருடங்கள் கிடந்திருந்தால் படகின் அடியைத் துளைத்திருக்கும்.

காசைவிடப் பெரிய சேதம் பின்பக்கத்தில். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை முன்பு ஒருவர் மாற்றியிருக்கிறார். வெயில் மழைக்கு உளுக்காது என்று, மருந்தேற்றிய பலகையைப் போட்டிருக்கிறார். வேலித் தூணுக்கும் வீட்டுப் படிக்கும் அது நல்ல பலகை. ஆனால் உளுக்காமல் இருக்க அதில் ஏற்றப்படும் மருந்து செம்புச் சேர்மம். ஈரப் பலகையில் இருந்து செம்பு கசிந்து, அதை மூடியிருந்த தகட்டை அரித்து, பின்பக்கத்தின் உள்முகம் முழுவதும் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் உள்பக்கமாகப் புதிய தகடு ஒன்றை வைத்து ஒட்டி, தகடுகளைச் சேர்த்து இறுக்கும் ரிவெட் ஆணி அடித்தோம். பிறகு 19 மில்லிமீட்டர் கனமான, மருந்தேற்றாத மரைன் பிளைவுட் (படகு வேலைக்கான ஒட்டுப்பலகை) இரண்டை எபொக்சி என்ற பிசினால் ஒட்டி, பழைய பலகையை அச்சாக வைத்து வெட்டி, விளிம்புகளுக்குத் திரும்பத் திரும்ப எபொக்சி பூசினோம். போல்ட் போகும் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இதில் அவசரப்பட்டால் துளை வழியாகத் தண்ணீர் போய்ப் பலகையின் நடுவில் இருந்து உளுக்கத் தொடங்கும். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் எஞ்சின் ஆடும்.

இருக்கைகளுக்குள் இருந்த நுரையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க வைப்பது அது. பழைய நுரை தண்ணீரைக் குடித்து, எடுக்க எடுக்கக் கனத்தது. மிதக்கவைக்க வேண்டியதே படகை அமிழ்த்திக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் விரியும். ஊறிய நுரை ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்து விரிந்து, பக்கத்துத் தகட்டையும் பொருத்துக்களையும் நெம்பிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, நீர் புகாத நீலநிற நுரைப் பலகையை அளவாக வெட்டி அடுக்கினோம். ஒரு கன மீட்டர் அப்படிப்பட்ட நுரை தண்ணீருக்குள் ஏறக்குறைய 970 கிலோவைத் தாங்கும். ஆகவே பத்தில் ஒரு பங்கு வைத்தாலே ஒரு பெரிய ஆளின் எடைக்கு ஈடு. ஆனால் பெட்ரோல் பட்டால் இந்த நுரை கரைந்துவிடும். எரிபொருள் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவில்லை.

இனி ரிவெட். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அலுமினியப் படகுகள் இந்தக் கண்டத்தில் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. நியூயோர்க் மாநிலத்தில் கிரம்மன் என்ற விமான நிறுவனம் இருந்தது. அதன் துணைத் தலைவர் வில்லியம் ஹொஃப்மன் 1944இல் அடிரொண்டாக் மலைப்பகுதியில் கனத்த மரத் தோணியைத் தோளில் சுமந்து நடந்தபோது, விமானத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்து விமானத் தேவை குறைந்ததும் அதே தகடு, அதே ரிவெட், அதே கைத்திறன் தோணிகளுக்கு மாறியது. பின்னாளில் சந்திரனில் இறங்கிய கலத்தைக் கட்டியதும் அதே நிறுவனம்தான். என் படகு அவர்களுடையது அல்ல. ஆனால் பொருத்திய முறை அதுவே.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் வெளியே காற்றுச் சுத்தியலுடன், மகள் உள்ளே கனமான உருக்குக் கட்டியுடன். நான் தலையில் அடிக்க, அவள் பிடித்திருக்கும் கட்டியில் மோதி ரிவெட்டின் வால் நசுங்கிப் பரந்து இறுகும். எங்கள் ரிவெட் 4.8 மில்லிமீட்டர் விட்டம். வால் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் பிடிப்பு இல்லை, கூடினால் வளைந்து படுத்துவிடும். சத்தத்தில் பேச முடியாது. காதில் அடைப்பான் வேறு. ஆகவே உள்ளேயிருந்து ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு தட்டு என்றால் சரி, மூன்று என்றால் கழற்றிவிடு என்று வைத்துக்கொண்டோம். மாதக்கணக்கில் சனிக்கிழமைகள் இப்படியே போயின. நானும் அவளும் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது அவளுடைய பள்ளிக் காலத்துக்குப் பிறகு இப்போதுதான். எனக்கு இந்தப் படகு தந்த மிகப் பெரிய செல்வம் அது.

எல்லா ரிவெட்டையும் மாற்றத் தேவையில்லை. படகை டிரெய்லரில் வைத்து, அடியில் நன்றாக முட்டுக்கொடுத்து, உள்ளே சிறிது தண்ணீர் விட வேண்டும். ஒரு லீட்டர் ஒரு கிலோ என்பதால் சாண் ஆழம் விட்டாலே அரைத் தொன்னைத் தாண்டிவிடும், தகடு கோணிவிடும். நாலு விரல் ஆழம் போதும். வெளியே எங்கெல்லாம் துளி தெரிகிறதோ அங்கே வட்டம் போட்டுக்கொள். அவற்றில் பெரும்பாலானவை தளர்ந்த ரிவெட்தான். அதே ரிவெட்டை இன்னொரு முறை அடித்து இறுக்கினால் கசிவு நின்றுவிடும். எதற்கும் அடங்காதவற்றை மட்டும் துளைத்து எடுத்துப் புதிது போட்டோம். கண்ட இடமெல்லாம் பசையை அப்பி மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தளர்ந்த ரிவெட்டை மூடினால் கசிவு மறையும், தளர்வு மறையாது.

இந்த இடத்தில்தான் உன் ஐயாவின் நினைவு வந்துகொண்டே இருந்தது. மரப் படகில் அவர் கலப்பத்து அடிப்பதைப் பள்ளிக்கூடம் விட்டு வந்து குந்தியிருந்து பார்ப்போமே. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் செருகிச் செருகி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் கடலில் இறக்கி ஊறவிட்டால் மரம் உப்பி மூடிக்கொள்ளும். அலுமினியம் உப்பாது. முதல்நாள் இருக்கும் இடைவெளி கடைசி நாளும் இருக்கும். அதனால் இதில் அளவு பிசகக் கூடாது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு பலமாக அடிப்பது என்று காதால் கேட்டு அறிவது இரண்டிலும் ஒன்றுதான். நன்றாக இறுகிய ரிவெட்டின் ஒலி வேறு.

பூச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிப்பக்கம் மட்டும் பூசினோம், உள்ளே வெறும் உலோகமாகவே விட்டோம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் விட்டு ஈரமாகவே தேய்த்தோம், முகமூடியோடு. இரும்புக் கம்பித் தூரிகை கூடாது. அதன் துகள் தகட்டில் பதிந்து பிறகு அரிக்கும். தேய்த்த அன்றே அலுமினியத்துக்கென உள்ள அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும்.

ஆனி மாதம் ரைஸ் ஏரியில் இறக்கினோம். வீட்டில் இருந்து கிழக்கே ஒரு மணி நேர ஓட்டம். ஒரு காலத்தில் அந்த ஏரி முழுவதும் காட்டரிசி விளைந்ததாம். ஆதிக்குடிகளுக்கு அது முக்கியமான உணவு. கால்வாய்க்காக அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியதில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அந்த மக்களின் ஊர்கள் இன்னும் ஏரிக்கரையில் இருக்கின்றன. ஓரங்களில் மிஞ்சியிருக்கும் காட்டரிசிக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டுப் போகிறோம். கரையேறியதும் அடித்தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டிய களைகளை எடுத்துவிட்டுத்தான் படகைத் தெருவில் கொண்டுபோகலாம். ஒரு ஏரியின் வரிக்குதிரைச் சிப்பியை இன்னொன்றுக்குக் கடத்தாமல் இருக்க 2022 முதல் இது இங்கே சட்டம். நல்ல சட்டம்.

இப்போது மூத்தவனின் விஷயம். வேண்டாம் என்பதே என் கருத்து. நம் கடல் உப்பு, வெயில் கடுமை, படகு வருடம் முழுவதும் தண்ணீரில் கிடக்கும். அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்கப் பூசும் வர்ணங்களில் பலவற்றில் செம்பு இருக்கிறது. அதை வெறும் அலுமினியத்தில் பூசினால் அடித்தகட்டின் கதை முடிந்தது. அதற்கும் மேலாக, பைபர் படகு உடைந்தால் ஊரிலேயே ஒட்டித்தர ஆள் இருக்கிறது. அலுமினியத்தை ஒட்டத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். படகு ஓடாத நாள் வீட்டுக்கு வருமானம் இல்லாத நாள். யாராவது மலிவாகத் தருகிறேன் என்று சொன்னாலும் அவனைப் பொறுக்கச் சொல்.

மகளிடம் அன்னபூரணியின் கதையைச் சொன்னேன். வல்வெட்டித்துறையில் கட்டிய மரக்கப்பல் 1938இல் மாசச்சூசெட்ஸின் கிளௌசெஸ்டர் துறைமுகம் வரை வந்து சேர்ந்தது என்றதும் அவளால் நம்ப முடியவில்லை. தானே தேடிப் படித்துவிட்டு வந்து, எந்த ஆணி, எந்த மரம், இடுக்கை எதனால் அடைத்தார்கள் என்று என்னைக் குடைகிறாள். எனக்குத் தெரிந்தது நாம் சிறுவயதில் பார்த்ததுதான். உன் ஐயாவிடம் கைமுறையாகக் கற்றவன் நீ. அவருடைய உளிகளையும் கொட்டாப்புளியையும் பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஒவ்வொன்றையும் எதற்குப் பயன்படுத்துவார், குங்கிலியத்துக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம் காய்ச்சுவார் என்று ஞாபகத்தில் உள்ளதை எல்லாம் எழுதி அனுப்பு. எழுத நேரமில்லை என்றால் சின்னவளைத் தொலைபேசியில் பதிவு செய்யச் சொல். இது எங்கும் எழுதிவைக்கப்படாமல் போய்விடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

தை கடைசியில் நாங்கள் மூவரும் வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. மூன்று கிழமை நிற்போம். கடற்கரைப் பக்கம் மரவேலை செய்யும் ஓடாவி எவராவது இன்னும் இருந்தால், மகளை ஒருநாள் அங்கே கூட்டிப்போக வேண்டும். சும்மா பார்க்க அல்ல, கூடவே இருந்து வேலை செய்ய ஆசைப்படுகிறாள். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவை. அவருக்கு இங்கிருந்து ஏதாவது கருவி தேவைப்பட்டால் அதையும் கேட்டு எழுது, வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்