காலிபர்ல கையால குறி போடுறத விடுங்க: நம்ம படிப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

தங்கச்சிமடத்துல கம்ப்யூட்டர் படிப்பகம் நடத்துற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நீங்க சேத்து வச்சிருக்கது சாதாரண வேலை இல்ல. மதுரைத் திட்டத்து நூலுங்க, நாட்டுடைமை ஆன எழுத்தாளருங்க புத்தகம், கீழக்கரைப் பக்கம் வாங்கி ஸ்கேன் பண்ண அரபுத்தமிழ் (அரபி எழுத்துல எழுதுன தமிழ்) ஏடுங்க, எல்லாம் ஒரே காலிபர்ல, அதான் மின்புத்தகத்த அடுக்கி வைக்கிற சாஃப்ட்வேர்ல இருக்கு. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கரையில கெடக்கும்போது போன்ல புத்தகம் ஏத்த நாங்க உங்ககிட்டதான் வர்றோம்.

ஆனா அந்த லிஸ்ட்ட பாத்தா தல சுத்துது. ஒருத்தர் தலைப்புலயே "நல்லாருக்கு"ன்னு அடிச்சிருக்காரு, இன்னொருத்தர் ரெண்டு ஸ்டார், வேற ஒருத்தர் "செக் பண்ணனும்", செக் பண்ணியாச்சா இல்லையான்னு கேட்டா யாருக்கும் தெரியல, அந்தக் குறியோடயே எங்க போனுக்கும் வந்து சேருது. இதுல ஒரு தம்பி மார்க் புக்ஸ்ங்கிறத அழுத்தி அழுத்தி பின் வச்சான் பாவம், காலிபர மூடித் தெறந்தா அது அத்தனையும் போயிரும், அது தற்காலிகத்துக்குன்னே வச்சது. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா காத்து அடங்குனதும் எறக்குறாங்கல்ல, எறக்காமலே விட்டா அப்புறம் எவன் அத பாத்து கடலுக்குப் போறத முடிவு பண்ணுவான்?

அதனால குறிய நீங்க போடாதீங்க, காலிபரையே போட வைங்க. ப்ரிஃபரன்சஸ், லுக் அண்ட் ஃபீல், அதுக்குள்ள காலம் ஐகான்ஸ்னு (Column icons) ஒன்னு இருக்கு, காலம்னா லிஸ்ட்டுல மேலருந்து கீழ வர்ற வரிசை. "இன்ன காலத்துல இன்னது இருந்தா இந்தப் படத்த காட்டு"ன்னு ரூல் எழுதலாம், ஒரு ரூல்ல ரெண்டு மூணு கண்டிஷனும் சேக்கலாம். ஃபார்மட்ஸ் காலத்துல பிடிஎஃப் இருக்கு, ஈபப் (எழுத்தப் பெருசு சிறுசு பண்ணிப் படிக்கிற மின்புத்தக ஃபைல்) இல்லன்னா ஒரு ஸ்கேன் படம், அவ்ளோதான். ஸ்கேன் பிடிஎஃப்ப சின்ன போன்ல எழுத்தப் பெருசாக்கிப் படிக்க முடியாது, பக்கத்த இழுத்து இழுத்து கண்ணு போயிரும், படகுல ஆடிட்டே போறப்ப சொல்லவே வேணாம், அதனால எங்களுக்கு மொதல்ல தெரிய வேண்டியதே இதுதான். நாளைக்கு யாராவது உக்காந்து டைப் அடிச்சு அதே புத்தகத்துக்கு ஈபப் சேத்தா அந்தப் படம் தானா போயிரும், ஒருத்தரும் தொட வேணாம்.

அதே மாதிரி "சரிபாத்த தேதி"ன்னு தேதி வகையில சொந்தமா ஒரு காலம் சேருங்க, தேதி போடாத புத்தகத்துக்கெல்லாம் செவப்புப் புள்ளி. டிஸ்கிங்கிற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டுல இருந்து யூனிகோடுக்கு மாத்துன பழைய ஃபைல்ல எழுத்து ஒடஞ்சு கெடக்கே, அதெல்லாம் இதுல மாட்டும். புதுசா வந்ததுக்கு, சேத்து 30 நாளுக்குள்ள இருந்தா ஒரு படம். மாசம் முடிஞ்சா அதுவும் தானா கழண்டுக்கும்.

அட்டைப்படமா அடுக்கிக் காட்டுற கவர் கிரிட்டுக்கு ரூல் தனியா எழுதணும், அத மறந்துறாதீங்க. இன்னொன்னு, லைப்ரரி ஃபோல்டர மட்டும் பென்டிரைவ்ல அடிச்சு வேற கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனா ரூல் கூட வரும், ஐகான் படம் வராது. அது காலிபரோட கான்ஃபிக் ஃபோல்டர்ல சிசி_ஐகான்ஸ் (cc_icons)ங்கிற எடத்துல இருக்கு, அதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க.

படம் நாலஞ்சுக்கு மேல வேணாம்ங்க, லிஸ்ட்டு முழுக்க திருவிழா தோரணமாயிரும். அரபுத்தமிழ் ஏட்டுக்கு என்ன படம்னு மட்டும் கீழக்கரை ஆளுங்கள கேட்டு முடிவு பண்ணுங்க, நாமளா பிறை படத்த போட்டுட்டு அப்புறம் அதுல வைத்திய நூலும் இருக்கேன்னு முழிச்சுட்டு நிக்க வேணாம்.