பிரஷர் மாத்திரையோடு வலி மாத்திரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் மருத்துவரைப் பாராமல் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைப் பற்றி, நெடுங்காலம் மருந்தாளுநராகப் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதைத் தடுக்கின்றன. ஆனால், உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் நுண்குழாய் சுருங்கிவிடாமல் காப்பதும் அதே பொருள்தான். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை இரத்தம் வெளியேறும் குழாயை விரிக்கின்றன. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையோ உடலின் நீரைக் குறைக்கிறது. இம்மூன்றும் சேரும்போது, இரத்தத்தை வடிகட்டத் தேவையான அழுத்தம் சரிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். கோடையில் வயல்வேலை செய்பவருக்கும், வயிற்றுப்போக்கில் வாடும் முதியவருக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இராது. சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் என்னும் இரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியவரும். இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது பலருக்குச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து. தவிர்க்க வேண்டியது, கேட்காமல் அதனுடன் சேர்க்கும் வலி மாத்திரையைத்தான்.

பாரசிட்டமால்தான் சாப்பிடுகிறோம் என்று நம்புகிறவர்கள் பலருடைய கையில் இருப்பது, அதனுடன் அசிக்ளோபினாக்கோ டைக்ளோபினாக்கோ கலந்த கூட்டு மாத்திரை. அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரைகளாகக் கொடுக்கும்போது, மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. டைக்ளோபினாக் அட்டவணை எச் பிரிவைச் சேர்ந்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் ஊர்ப்புறக் கடைகளில் படும் பாட்டைப் பார்க்கையில் மனம் வேதனைப்படுகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. அவற்றைக் கொண்டுவரும் பணியாளர், "வலிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா அம்மா? அட்டையைக் காட்டுங்கள்" என்று கேட்டு, பதிலை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரின் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலி மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிரியாட்டினின் பார்க்கவும் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும் எனத் தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.