புது கிளினிக்கில் சேரும் மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

லாஸ் ஏஞ்சலஸில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். வருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, எல் சால்வடோர் பெண்கள் என்கிறாய். குடும்பம் அவர்களுக்குத் துணையா பாரமா என்று கேட்டிருந்தாய். ஒரே வீட்டில் இரண்டுமாக இருக்கும்டி.

மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, இல்லையென்றால் 'நெர்வியோஸ்', அதாவது நரம்பு சரியில்லை, என்பார்கள். வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டால் அடுத்த மாதமும் அதே வலியோடு வருவார்கள். மனச்சோர்வை அளக்கிற பிஎச்க்யூ-9 கேள்விப் படிவத்தை ஸ்பானிஷில் நீயே வாசித்துக் கேள். கடந்த 2 வாரத்தைப் பற்றிய 9 கேள்விகள், அதிகபட்சம் 27 புள்ளி. 10-ஓ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பேச வேண்டும். ராத்திரி ஆபீஸ் கூட்டித் துடைக்கிறவளுக்குத் தூக்கம், களைப்பு இரண்டிலேயே 6 புள்ளி ஏறிவிடும். அதனால் ஆர்வமின்மை, சோகம் கேட்கிற முதல் இரண்டைத் தனியாகப் பார். மொத்தம் குறைவாக இருந்தாலும் 9-வது, சாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு 1 வந்தால்கூட அன்றே விசாரி.

பள்ளிக்கூடம் போகிற மகளை மொழிபெயர்க்க விடாதே. அடிக்கிற கணவனைப் பற்றி மகள் வாயால் எந்தத் தாய் சொல்வாள்?

வீட்டில் யார் யார், மாதாமாதம் ஊருக்கு யார் பணம் அனுப்புகிறார்கள், பாட்டியிடம் விட்டுவந்த குழந்தை உண்டா என்று கேள். கடைசிக் கேள்வியில்தான் பலர் உடைவார்கள். சகித்துப் போகிறவளே நல்ல தாய் என்ற மரியானிஸ்மோ வளர்ப்பு, விசா இல்லாத பயம், உதவிக்கு அக்கா தங்கை இல்லாத தனிமை எல்லாம் அங்கே ஒன்றுசேரும்.

'உனக்காக வாழு, எல்லைக்கோடு போடு' என்று நம்ம தொழில்காரர்கள் சொல்வது எனக்குக் கட்டோடு பிடிக்காது. அதைக் கேட்டவள் குற்ற உணர்வோடு போய்விடுவாள், மறுபடி வரமாட்டாள். 'நீ தேறினால்தான் பிள்ளைகளைப் பார்த்துக்க முடியும்' என்று ஆரம்பி. இரண்டாம் சந்திப்புக்கு, அவள் சம்மதித்தால், அம்மாவோ அக்காவோ இங்கே இருந்தால் வரச்சொல். வாரம் இரண்டு சாயங்காலம் பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவு பண்ணு. அடிதடி இருக்கிற வீடென்றால் கணவனைக் கூப்பிடவே கூடாது.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடு. பத்தே நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடுவார்கள். பழகிப்போய்விடும் என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்தைப் போக்க உன்னைவிட அதே தெருவின் ப்ரொமோத்தோரா, அதாவது அவர்கள் சமூகத்திலிருந்தே வரும் சுகாதாரப் பணியாளர் பெண்தான் சரியான ஆள்.

மகள்களையும் கவனி. 2002-03-இல் நடந்த தேசிய ஆய்வில், வளர்ந்தபின் குடியேறியவர்களைவிட அமெரிக்காவிலேயே பிறந்த லத்தீனோக்களிடம் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம்) மனநலக் கோளாறுகள் அதிகம் தெரிந்தன. வீட்டில் ஒரு சட்டம், பள்ளியில் ஒரு சட்டம். தாய்க்கும் மகளுக்கும் சண்டை முற்றும்போது மகளைத் தனியாக உட்காரவைத்துப் பேசு.

988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணில் 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பு.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் எப்படி ஆச்சு? எழுது.

அன்புடன்,
சுமதி