கம்பி மேலே போகிறது, கீழே விளக்கில்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் இருக்கும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி பேப்பர் படிக்கிறார்கள் என்பதைப் படித்ததும் மனசு லேசானது. அவர்களிடம் நான் கேட்டதாகச் சொல். பேத்தி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் எடுத்திருக்கிறாள் என்ற வரியை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நம் இருவர் வீட்டிலும் அடுத்த தலைமுறையில் கம்பி பக்கம் போன முதல் ஆள் அவள்தான். இங்கே எல்லாரும் சுகம். இவளுக்கு முழங்கால் வலி மட்டும் குளிர் வந்தால் கூடுகிறது.

போன கடிதத்தில் நான் போகிற போக்கில் எழுதியதைப் பிடித்துக்கொண்டாய். "அமெரிக்காவில் கரண்ட் இல்லாத வீடா, எந்தக் காலத்துக் கதை?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் காலத்துக் கதைதான். நான் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம் வந்துவிடும். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் கிடக்கும் நிலம் அது. சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். அவ்வளவு இடத்தில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. அதில் சுமார் 13,000 வீடுகளுக்கு இன்னும் கரண்ட் போகவில்லை.

கரண்ட் இல்லை என்றால் விளக்கு மட்டும் இல்லை என்று நினைத்துவிடாதே. மோட்டார் இல்லாததால் குழாய்த் தண்ணீரும் இல்லை. மைல் கணக்கில் வண்டி ஓட்டிப் போய் டேங்கில் பிடித்து வருகிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். ஐஸ் வாங்க மறுபடி வண்டி, மறுபடி பெட்ரோல். கொரோனா காலத்தில் நாடு முழுக்கப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்தபோது இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு வழியே இல்லை.

இதையெல்லாம் வறுமை என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. காரணம், இதே நிலத்தில்தான் நாட்டின் மேற்குப் பகுதியிலேயே பெரிய அனல்மின் நிலையங்களில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், 2,250 மெகாவாட். நவஹோ அனல்மின் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். பிளாக் மேசா மேட்டு நிலத்தில் வெட்டிய நிலக்கரி அதற்கென்றே போட்ட மின்சார ரயிலில் வந்தது. உற்பத்தியான கரண்டில் ஒரு பெரும் பங்கு கொலராடோ ஆற்றுத் தண்ணீரை மேடேற்றி, 540 கிலோமீட்டர் கால்வாய் வழியாக ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுபோகச் செலவானது. பாலைவனத்தில் அந்த நகரங்கள் இவ்வளவு பெரிதானதற்கு அந்தத் தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். 500 கிலோவோல்ட் டவர் லைன் நவஹோ வீடுகளுக்கு மேலே போனது. அந்த லைனிலிருந்து வீட்டுக்கு நேராக இறக்கிவிட முடியாது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். சப்ஸ்டேஷன் வேண்டும், குறைந்த அழுத்தத்தில் ஊர்ப்பக்கம் போகும் எச்.டி. லைன் வேண்டும், டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஆனால் அதைப் போட யாருக்கும் பொறுப்பு இல்லாமல் இத்தனை வருஷம் போனது தொழில்நுட்பக் காரணத்தால் அல்ல. 2019 நவம்பரில் அந்த நிலையத்தை மூடினார்கள். அடுத்த வருஷம் மூன்று புகைபோக்கிகளையும் வெடி வைத்துச் சாய்த்தார்கள்.

1936இல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் கிராம மின்மயச் சட்டம் வந்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசாங்கக் கடன் வாங்கி, தாங்களே லைன் இழுத்துக்கொண்டார்கள். இருபது வருஷத்துக்குள் பெரும்பாலான பண்ணை வீடுகளில் விளக்கு எரிந்தது. பழங்குடி நிலங்கள் அந்த ஓட்டத்தில் விடுபட்டுப்போயின. 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கக் கரண்ட் இல்லாத வீடுகள் 1.4 சதவீதம், பழங்குடி நிலங்களில் வாழ்ந்த பூர்வகுடி வீடுகளில் 14.2 சதவீதம். வெளிக் கம்பெனிகள் வரும் என்று காத்திருந்து பயனில்லை என்று கண்டுதான் நவஹோ மன்றம் 1959இல் தனக்கென்று ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. நவஹோ டிரைபல் யுடிலிட்டி அதாரிட்டி, சுருக்கமாக என்.டி.யு.ஏ. என்பார்கள். ஃபோர்ட் டிஃபையன்ஸ் என்ற ஊரில் தலைமை அலுவலகம். கரண்ட், தண்ணீர், கேஸ், கழிவுநீர் எல்லாம் அதன் கையில். இப்போது இன்டர்நெட்டும் சேர்ந்துவிட்டது. லாபத்துக்கு நடத்துவதில்லை. கட்டணத்தை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

எஸ்டிமேட் போட்டே தலை நரைத்தவன் நீ, அதனால் கணக்கைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு லைன் கொண்டுபோக அங்கே சராசரி 40,000 டாலர் ஆகிறது. வீடுகள் ஊராகச் சேர்ந்து இருக்காது. ஆடு மேய்க்கும் குடும்பங்கள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மைல் கணக்கில் வெட்டவெளி. ஓரிடத்தில் மணல், கம்பம் நிற்காது. ஓரிடத்தில் பாறை, குழி விழாது. 13,000 வீட்டுக்கும் 40,000 டாலர் வீதம் போட்டால் 52 கோடி டாலர். அந்த வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ், நாலு பல்பு, ஒரு டி.வி. ஓடும். மாதக் கட்டணத்தில் எத்தனை தலைமுறைக்கு வசூலித்தாலும் அந்த முதலீடு திரும்பாது. ஏற்கெனவே கனெக்‌ஷன் உள்ளவர்கள் தலையில் ஏற்றலாம் என்றால் அவர்களும் கஷ்டப்படுகிற குடும்பங்கள்தான். ஆண்டுக்கு 400, 450 வீடு என்ற வேகத்தில் போனால் சுமார் முப்பது வருஷம் ஆகும். வாரியத்தின் மேஜையில் எப்போதும் கிடக்கும் கேள்வி இதுதான்: இந்த வருஷம் கையில் இருக்கும் பணத்துக்கு யார் வீட்டுக்கு முதலில்? நெருக்கமாக உள்ள பத்து வீட்டுக்கா, மலைக்கப்பால் தனியாக இருக்கும் பாட்டிக்கா? பத்து வீடு என்று கணக்கு சொல்லும். ஆனால் பாட்டி அப்ளிகேஷன் கொடுத்தது எப்போதோ.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது காகிதம். அந்த நிலம் மத்திய அரசு பழங்குடிக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் நிலம். வீடு கட்டுகிறவர் வழக்கமாக ஒரு ஏக்கருக்குக் குத்தகை எழுதிக்கொள்கிறார். லைன் அந்த ஏக்கருக்கு வெளியேதான் பெரும்பகுதி போகிறது. போகும் வழியில் மேய்ச்சல் அனுமதி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். தொல்லியல் சர்வே, செடிகொடி விலங்குகளுக்கு ஒரு சர்வே, அப்புறம் பழங்குடி அரசின் நில அலுவலகம், பல இடங்களில் மத்திய அரசின் இந்தியர் விவகாரத் துறை (இந்தியர் என்றால் இங்கே அமெரிக்கப் பூர்வகுடிகள்). நியூ மெக்சிகோ பக்கம் இன்னும் மோசம். 1887இல் வந்த ஒரு சட்டம் பழங்குடி நிலங்களைத் தனித்தனியாகக் கூறுபோடச் சொன்னது. அதனால் இன்று ஒரு துண்டு பழங்குடிக்கு, பக்கத்துத் துண்டு மாநிலத்துக்கு, அதற்கடுத்தது தனியாருக்கு. தனிநபர் பெயரில் கொடுத்த நிலமோ பாகம் பிரியாமலே இறங்கி இறங்கி, ஒரு துண்டுக்கு நூறு வாரிசுகூட இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினால்தான் ஒரு கம்பம் நடலாம்.

டூபா சிட்டி பக்கத்து மக்களுக்கு நடந்தது இதையெல்லாம்விடக் கொடுமை. நவஹோ, ஹோப்பி இரு மக்களுக்கும் நிலத் தகராறு இருக்கிறது என்று 1966இல் இந்தியர் விவகார ஆணையர் ராபர்ட் பென்னட் சுமார் 15 லட்சம் ஏக்கரில் எல்லாக் கட்டுமானத்தையும் நிறுத்தி வைத்தார். தற்காலிகம் என்றுதான் ஆரம்பித்தது. கூரை ஒழுகினால் செப்பனிடக்கூட அனுமதி கேட்க வேண்டும். லைன் இழுப்பது பேச்சுக்கே இல்லை. 2009இல்தான் அதைச் சட்டப்படி நீக்கினார்கள். நாற்பத்து மூன்று வருஷம்! தடை போட்ட அன்று பிறந்த குழந்தைக்குப் பேரப்பிள்ளை வந்திருக்கும். அங்கே விளக்கில்லாத வீட்டைப் பார்க்கிற யாராவது இவர்கள் முன்னேறவில்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் அடங்க நேரமாகிறது.

உடனே நீ கேட்பாய், லைனை விடு, வீட்டுக்கு வீடு சோலார் வைத்தால் என்ன என்று. வாரியம் அதையும் தொண்ணூறுகளிலிருந்தே செய்கிறது. பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்த செட்டை மாத வாடகைக்குக் கொடுத்து, பராமரிப்பையும் தானே பார்க்கிறது. ஒதுக்குப்புறமான வீடுகளுக்கு அதுதான் இன்று சாத்தியமான வழி, சந்தேகமில்லை. பழைய சின்ன செட்டுகளில் விளக்கும் ரேடியோவும்தான் ஓடின. இப்போது வருபவை ஃபிரிட்ஜையும் தாங்குகின்றன. ஆனால் டிசம்பரில் பனி மூடி நாலு நாள் வெயில் இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். புழுதியும் குளிரும் பேட்டரி ஆயுளைத் தின்னும். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு "அவர்களுக்கு சோலார் போதுமே" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அவர்கள் வீட்டில் சுவிட்ச் போட்டால் அளவில்லாமல் வருகிறது. லைன் போக முடிகிற இடத்துக்கு லைன் போக வேண்டும். முடியாத இடத்துக்கு நல்ல பேட்டரியோடு சோலார். லைன் வரும்வரைக்கும் இதை வைத்துக்கொள் என்று கொடுத்தால் சரி. இதோடு முடிந்தது என்று கொடுத்தால் அது அநியாயம்.

வாரியத்தின் திட்டத்தில் நான் மிகவும் மதிக்கிற பகுதி கயென்டா என்ற ஊரில் இருக்கிறது. மான்யுமென்ட் வேலி பக்கம், 2017இல் 27 மெகாவாட் சோலார் நிலையம் ஒன்று கட்டினார்கள். 2019இல் இரண்டாவது கட்டம், மொத்தம் 55 மெகாவாட். வாரியத்துக்கே சொந்தம். கட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் பிள்ளைகள். விற்பனையில் வரும் பணத்தில் ஒரு பங்கு, லைன் இல்லாத வீடுகளுக்கு லைன் போடத் திரும்பி வருகிறது. பழைய அனல் நிலையம் மூடும்போது, அதன் டவர் லைனில் 500 மெகாவாட் அனுப்பும் உரிமையையும் நவஹோ அரசு பேசி வாங்கிக்கொண்டது. ஐம்பது வருஷம் தலைக்கு மேலே போன கம்பியில் இனி தங்கள் கரண்டைத் தாங்களே விற்கலாம். இதற்குத்தான் சொந்த வாரியம் வேண்டும் என்கிறேன். வெளிக் கம்பெனிக்கு அந்த 13,000 வீடு நஷ்டக் கணக்கு. இவர்களுக்கு அத்தை வீடு, சித்தப்பா வீடு. பணம் குறைவுதான், ஆனால் எங்கே செலவழிப்பது என்று தீர்மானிப்பது இவர்கள். மொன்டானா மாநிலத்தில் ஃபிளாட்ஹெட் நிலத்துப் பழங்குடியினர் 1988இலிருந்து மிஷன் வேலி பவர் என்ற மின்வாரியத்தை நடத்துகிறார்கள். அரிசோனாவிலேயே டோஹோனோ ஓதாம் மக்களுக்கும் சொந்தமாக ஒரு வாரியம் இருக்கிறது. இன்னும் பலர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2019 வசந்தத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பொது மின்வாரியங்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. புயல் அடித்தால் ஓர் ஊர் லைன்மேன்கள் இன்னோர் ஊருக்கு உதவிக்குப் போவார்களே, நம் ஆட்கள் கடலூருக்கும் நாகைக்கும் போன மாதிரி. அந்த ஏற்பாட்டைப் புயலே அடிக்காத இடத்தில் புது லைன் போடப் பயன்படுத்தினார்கள். பல மாநிலங்களிலிருந்து லைன்மேன்கள் தங்கள் வண்டி, கருவியோடு வந்து, நவஹோ லைன்மேன்களோடு சேர்ந்து ஆறு வாரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கனெக்‌ஷன் கொடுத்தார்கள். 2020இல் கொரோனாவால் நின்றது, 2022இல் மறுபடி ஆரம்பித்தது. கொரோனா நிவாரணப் பணம் வந்தபோதும் வாரியம் சும்மா இருக்கவில்லை. அந்த நெருக்கடியிலேயே 700க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு லைன் போட்டது. ஆளும் பணமும் ஒரே நேரத்தில் கிடைத்தால் முப்பது வருஷம் தேவையில்லை என்பது அப்போது தெரிந்துவிட்டது.

இதில் ஒரு சின்ன விஷயம், வெளியே அதிகம் பேசப்படாதது. வாசல் வரை கம்பம் வந்தாலும் வீட்டுக்குள் வயரிங் இல்லாவிட்டால் மீட்டர் மாட்ட மாட்டார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில். பழைய மர வீடுகளிலும், வாசல் கிழக்கு பார்த்த அவர்களது ஹோகன் வீடுகளிலும் வயரிங் செய்வது தனிக் கைவேலை. என்னோடு வேலை பார்த்த நவஹோ நண்பர் ஒருவர், தன் ஊர்ப் பையன்களுக்கு வயரிங் சொல்லிக்கொடுக்க வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடமிருந்து எனக்கு ஒன்று வேண்டும். நீ மலைக் கிராமத்துக்கு லைன் கொண்டுபோனபோது வனத்துறை அனுமதிக்காக மாதக் கணக்கில் அலைந்தாயே, கடைசியில் எல்லா அலுவலகத்து ஆட்களையும் ஒரே நாளில் மலையேற்றி, அங்கேயே கையெழுத்து வாங்கினாய் என்று ஒருமுறை சொன்ன ஞாபகம். அதை எப்படிச் சாதித்தாய், யாரை முதலில் பிடித்தாய், எந்தக் காகிதம் தடையாக நின்றது, எல்லாம் விவரமாக எழுது. அந்த நண்பர் ஊர்க் கூட்டத்தில் இதைத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். நீ எழுதுவதை அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பேத்தியின் அடுத்த செமஸ்டர் ரிசல்ட்டையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்