'போனேன்' என்று எழுதிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஏழு வாரங்களுக்கு முன் நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பிய ஊர்ப் பலகையின் படத்தைத் தம்பி கடையில் கொடுத்து அச்செடுத்துத் தந்தான். இப்போது அது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. "ஹார்ஷம் செயின்ட் ஃபெய்த்துக்குப் போனேன் அப்பா. பிரான்சு நாட்டுப் புனிதையின் பெயர் இந்த மூலைக்கு எப்படி வந்தது?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். கேட்ட கேள்வியைக் கிடப்பில் போடுவது ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியனுக்கு அழகல்ல என்பதால் நானே எழுதுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு கோயிலுக்கு ஒரு புனிதரின் பெயர் இருந்தால் அவருடைய கல்லறைக்குப் போகும் திருப்பயணிகளின் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போயிருக்கும் என்று வரைபடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டினேன். அது தவறு. உரோமையில் ஆகஸ்டு மாதத்தில் பனி பெய்ததாகச் சொல்லும் கதையிலிருந்து பெயர் பெற்ற பனிமய மாதா நம் தூத்துக்குடி வெயிலில் சப்பரத்தில் வருவதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்லியிருக்கிறேன்!

புனிதர்கள் பாதை வழியாக மட்டும் பரவவில்லை, ஆட்களோடு போனார்கள். பீடத்தில் புனிதரின் திருப்பண்டம் இல்லாமல் கோயிலை அர்ச்சிக்கக் கூடாது என்று 787இல் திருச்சபையின் இரண்டாம் நைசீயப் பேரவை விதித்தது. அதற்கு முழு உடல் தேவையில்லை. ஓர் எலும்புத் துண்டோ, கல்லறையைத் தொட்டு எடுத்த துணியோ போதும், அது ஒரு பையில் அடங்கிவிடும். இதைத் தவிர அவரவர் பிழைப்பும் இருந்தது. உனக்குப் பக்கத்திலுள்ள கிரேட் யார்மத் மீன்பிடித் துறைமுகம்; அங்கே நாரிச் ஆயர் ஹெர்பர்ட் 1101இல் தொடங்கிய கோயிலுக்குக் கடலோடிகளின் காவலரான புனித நிக்கோலாஸ் பாதுகாவலரானார். அவருடைய எலும்புகளோ 1087இலேயே இன்றைய துருக்கியிலுள்ள மைராவிலிருந்து இத்தாலியின் பாரி நகருக்குப் போய்விட்டன. யார்மத் மீனவனுக்கு அவரைக் கும்பிடப் பாரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. 1030இல் போரில் இறந்த நார்வே அரசர் ஓலாஃபின் பெயரில் லண்டனில் பல கோயில்கள் எழுந்ததற்கு அங்கே வந்து தங்கிய வடநாட்டு வணிகர்களே காரணம்.

உன் புனிதையின் கதை இவற்றிலும் சுவையானது. பிரெஞ்சுக்காரர் ஃபாய் என்றும் ஆங்கிலேயர் ஃபெய்த் என்றும் அழைக்கும் அந்தச் சிறுமி தென்பிரான்சின் அஜென் நகரில் மறைசாட்சியாக இறந்தவள். 9ஆம் நூற்றாண்டில் அதே நாட்டிலுள்ள கோங்க் மடத்துத் துறவி ஒருவர் அஜெனில் பல ஆண்டுகள் தங்கி, அங்குள்ளவர்களின் நம்பிக்கையைப் பெற்று, அவளுடைய எலும்புகளைத் திருடிக்கொண்டு போனார் என்பதை மடத்தார் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். கைதிகளை விடுவிப்பவள் என்று அவள் பெயர் பெற்றாள். விடுதலையானவர்கள் நேர்ச்சையாகக் கொண்டுவந்து போட்ட கைவிலங்குகள் குவிந்துபோய், அவற்றை உருக்கியே கோயிலுக்குள் இரும்புக் கிராதி அடித்தார்களாம்.

1100ஐ ஒட்டி நார்ஃபோக்கைச் சேர்ந்த இராபர்ட் ஃபிட்ஸ்வால்டர் என்ற பிரபுவும் அவருடைய மனைவி சிபிலும் உரோமைக்குத் திருப்பயணம் போய்த் திரும்புகையில் தென்பிரான்சில் கொள்ளையரிடம் சிக்கினார்கள். சிறைக்குள்ளிருந்து இருவரும் ஃபாயை வேண்டினார்கள், விடுதலையானார்கள், கோங்க்கிற்குப் போய் நன்றி செலுத்தினார்கள், அங்கிருந்து இரண்டு துறவிகளை அழைத்துவந்து ஹார்ஷமில் மடம் கட்டினார்கள். அந்தக் கதையை 13ஆம் நூற்றாண்டில் மடத்து உணவுக்கூடச் சுவரில் படக்கதை போல வரைந்து வைத்தார்கள். பின்னர் மறைந்துபோன ஓவியம் 20ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. ஆக, கோங்க் வழியாக ஸ்பெயினிலுள்ள சந்தியாகப்பர் கல்லறைக்குப் போகும் பாதைக்கும் உன் ஊருக்கும் நடுவே ஒரு கடலே கிடந்தாலும், ஒரு கணவனும் மனைவியும் பட்ட துன்பம் அந்தப் பெயரை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

பழைய ஆசிரியர்களிடம் உன் படத்தைக் காட்டினேன். சுற்றுலா போனால் கடைவீதியைப் படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் உன் மகள் இதைக் கேட்கிறாளே என்றார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாமா? அங்கே சீக்கிரம் இருட்டிவிடும் என்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடு. கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதே.

அம்மா அந்த வரியை என்னைவிடக் கூர்மையாகப் படித்திருக்கிறாள். "போனோம் என்றுதானே எப்போதும் எழுதுவாள், இதில் போனேன் என்று இருக்கிறதே" என்றாள். தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்றேன்.

சிறையில் இருந்த இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள் என்று மேலே எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். அது உனக்குப் புத்தி சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று தோன்றியது. கோங்க்கில் குவிந்த விலங்குகள் பலவும் தனியாக வந்தவர்கள் கொண்டுவந்து போட்டவையாகத்தான் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில் ஓர் இரவு நீ அழைத்து, "அப்பா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று தொடங்கியபோது, "குடும்பம் என்றால் நாலும் இருக்கும், பொறுத்துப் போ" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்று பயந்தேன் மகளே. மறுநாள் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் நாலு பேர் உங்கள் இருவரையும் விசாரித்தபோது, நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லும் வசதியை நான் இழக்க விரும்பவில்லை. உன் குரல் அன்று கம்மியிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அக்டோபர் 6 அந்தப் புனிதையின் திருநாள். அதற்கு வந்துவிடலாம் என்று கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டேன். விசா விண்ணப்பத்தைத் தம்பி நிரப்புகிறான். அங்கே எந்த வீட்டில், யாருடன் தங்கப்போகிறீர்கள் என்று கேட்டான். அந்த இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடு.

அன்புடன்,
அப்பா